குரூப்னா அலமாரி, பூட்டு இல்லை

வருஷக் கடைசியில எல்லா கிளப்லயும் ஹேண்ட்ஓவர் நடக்கும். பழைய செகரட்டரி பேசுவாங்க, புது செகரட்டரி பேசுவாங்க, கேக் வெட்டுவாங்க, குரூப் போட்டோ இன்ஸ்டாகிராம்ல ஏறும். அந்த இன்ஸ்டாகிராம் அக்கவுண்டோட பாஸ்வேர்ட் இப்போ மொத்தம் எத்தனை பேர்கிட்ட இருக்குன்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க.

உங்க அசோசியேஷனையே எடுத்துக்கோங்க. ஒரு ஜிமெயில், ஒரு இன்ஸ்டாகிராம், ஒரு லிங்க்ட்இன் பேஜ், சிம்போசியம் வெப்சைட்டுக்கு ஒரு டொமைன், அதுக்கு ஒரு ஹோஸ்டிங், கோடு வைக்க ஒரு கிட்ஹப், போஸ்டருக்கு ஒரு கேன்வா, ரெஜிஸ்ட்ரேஷன் பணம் வாங்க ஒரு பேமென்ட் கேட்வே. குறைஞ்சது எட்டு லாகின். இது எட்டும் எங்க இருக்கும்? வாட்ஸ்அப் குரூப்ல பின் பண்ணின ஒரு மெசேஜ்ல. இல்லன்னா "லிங்க் இருக்கிற எல்லாரும் பார்க்கலாம்"னு செட் பண்ணின ஒரு கூகுள் ஷீட்ல. அந்த லிங்க் மூணு பேட்ச் சீனியர்ஸோட சாட்ல இன்னும் கிடக்கும்.

பாஸ்வேர்ட் மேனேஜர் யூஸ் பண்ணுங்கன்னு அட்வைஸ் பண்ண நான் வரல. அது உங்களுக்கே தெரியும். நம்ம காலேஜ்லயே சில கிளப் ஷீட்டை விட்டுட்டு கீபாஸ் ஃபைலுக்கு மாறிட்டாங்க, நல்ல விஷயம். ஆனா மாறின இடத்துலயும் ஒரு தப்பான புரிதல் அப்படியே கூட வந்திருக்கு. ஃபைலுக்குள்ள "ட்ரெஷரர்", "மீடியா டீம்", "வாலன்டியர்ஸ்"னு அழகா குரூப் பிரிச்சிருக்காங்க. பிரிச்சதோட வேலை முடிஞ்சது, ட்ரெஷரர் விஷயம் ட்ரெஷரரோட நிக்கும்னு நினைக்கிறாங்க. நிக்காது. ஏன் நிக்காது, எப்படிப் பிரிச்சா நிக்கும், இதைத்தான் சொல்லப் போறேன். இந்த வருஷ ஹேண்ட்ஓவருக்கு முன்னாடி படிச்சிடுங்க.

ஃபைலுக்குள்ள என்ன இருக்கு

கீபாஸை உருவாக்கினவர் டொமினிக் ரைக்ல். 2003ல முதல் வெர்ஷன் வந்தது. ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது, சர்வர் கிடையாது. உங்க பாஸ்வேர்ட் எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு ஃபைலா இருக்கும். அந்த ஃபைல் வடிவத்துக்குப் பேர் கேடிபிஎக்ஸ். இதே ஃபைலை லேப்டாப்ல கீபாஸ்எக்ஸ்சி திறக்கும், ஆண்ட்ராய்டுல கீபாஸ்டிஎக்ஸ் திறக்கும். ஒரு ஆப் பிடிக்கலைன்னா அடுத்த ஆப்புக்கு மாறலாம், ஃபைல் அதேதான்.

அந்த ஃபைலை நேரா திறந்து பார்த்தா ஒண்ணும் புரியாது, முழுக்க என்கிரிப்ட் ஆகியிருக்கும். மாஸ்டர் பாஸ்வேர்டை வேணும்னே மெதுவா ஓடுற ஒரு கணக்கு வழியா அனுப்பி, அதுல இருந்து வர்ற சாவியால பூட்டுறாங்க. 2017ல வந்த கேடிபிஎக்ஸ் 4 வடிவத்துல இந்தக் கணக்குக்கு ஆர்கான்2 சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் நேரமும் மெமரியும் செலவாகுறதால, திருடினவன் லட்சக்கணக்குல பாஸ்வேர்ட் போட்டுப் பார்க்கிறது கஷ்டமாகும்.

பூட்டைத் திறந்தா உள்ள இருக்கிறது ஒரு எக்ஸ்எம்எல். நாம செகண்ட் இயர்ல படிச்ச அதே ட்ரீ ஸ்ட்ரக்சர்தான். மேல ஒரு ரூட் குரூப். அதுக்குள்ள குரூப்கள், குரூப்புக்குள்ள இன்னும் குரூப்கள், கடைசியில என்ட்ரிகள். ஒவ்வொரு என்ட்ரியிலயும் டைட்டில், யூசர்நேம், பாஸ்வேர்ட், யூஆர்எல், நோட்ஸ். ஒவ்வொரு குரூப்புக்கும் ஒவ்வொரு என்ட்ரிக்கும் 16 பைட்ல ஒரு யூயுஐடி. பேரை மாத்தலாம், இடத்தை மாத்தலாம், அந்த ஐடி மாறாது.

இங்க ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லிடணும். குரூப் பேர்கூட, யூஆர்எல்கூட என்கிரிப்ஷனுக்குள்ளதான் இருக்கு. இது சின்ன விஷயம் இல்லை. 2022ல லாஸ்ட்பாஸ் நிறுவனத்துல இருந்து கஸ்டமர்களோட வால்ட் பேக்கப்பைத் திருடினப்போ, பாஸ்வேர்ட் எல்லாம் பூட்டியிருந்தாலும் வெப்சைட் யூஆர்எல்கள் பூட்டாம இருந்தது. யார் எந்தத் தளத்துல அக்கவுண்ட் வெச்சிருக்காங்கன்னு திருடினவனுக்குப் பட்டியலே கிடைச்சது. கேடிபிஎக்ஸ் ஃபைலைத் திருடினா மாஸ்டர் சாவி இல்லாம அந்தப் பட்டியல்கூட கிடைக்காது.

ஆனா இந்த நல்ல விஷயத்துக்குள்ளதான் நம்ம பிரச்சனையும் இருக்கு. மொத்த ட்ரீக்கும் ஒரே பூட்டு. திறந்தா மொத்தமா திறக்கும், மூடினா மொத்தமா மூடும்.

லைப்ரரி பொய் சொல்லாது

ஆப்ல பார்த்தா இது புரியாது. இடது பக்கம் குரூப் பட்டியல், வலது பக்கம் அந்தக் குரூப்போட என்ட்ரிகள். "வாலன்டியர்ஸ்" குரூப்பை க்ளிக் பண்ணினா வாலன்டியர்ஸ் சமாச்சாரம் மட்டும் தெரியுது. பார்க்க தனித்தனி ரூம் மாதிரியே இருக்கு.

பைத்தான் தெரிஞ்சவங்க ஒரு தடவை பைகீபாஸ் லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க. பிப்ல ஒரு லைன். ஃபைல் பேரையும் மாஸ்டர் பாஸ்வேர்டையும் கொடுத்து ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கினா, மொத்த டேட்டாபேஸும் உங்க வேரியபிள்ல வந்துடும். அந்த ஆப்ஜெக்ட்ல "என்ட்ரீஸ்"னு ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கு. அதைப் பிரின்ட் பண்ணுங்க. எல்லாக் குரூப்போட எல்லா என்ட்ரியும் ஒரே லிஸ்டா, வரிசையா வந்து விழும். ட்ரெஷரர், மீடியா, வாலன்டியர் எல்லாம் கலந்து. தடுக்க யாரும் இல்லை, "உனக்கு பர்மிஷன் இருக்கா"ன்னு கேக்கவும் யாரும் இல்லை. ஏன்னா கேக்கிறதுக்கு அங்க சர்வரே இல்லை. ஃபைலும் சாவியும் உங்ககிட்ட இருந்தா நீங்கதான் ஓனர்.

பிட்வார்டன் மாதிரி சர்வர் வெச்சு நடக்கிற சேவைகள்ல கலெக்ஷன்னு ஒண்ணு உண்டு. எந்த மெம்பருக்கு எந்த கலெக்ஷன்னு அட்மின் முடிவு பண்ணுவாங்க, சர்வர் அதைப் பார்த்துப் பிரிச்சுக் கொடுக்கும். கீபாஸ் குரூப் அந்த வகை கிடையாது. அது வீட்டு அலமாரியில தட்டு மாதிரி. மேல் தட்டுல அப்பாவோட பேப்பர், கீழ் தட்டுல நம்ம சர்ட்டிபிகேட். அலமாரி சாவி யார்கிட்ட இருக்கோ அவங்களுக்கு ரெண்டு தட்டும் ஒண்ணுதான்.

நம்மளைக் குழப்புறது "குரூப்"ங்கிற வார்த்தைன்னு நினைக்கிறேன். நமக்கு குரூப்னா வாட்ஸ்அப் குரூப். அதுல குரூப்ங்கிறது ஆளுங்க: உள்ள இருந்தா தெரியும், ரிமூவ் பண்ணினா தெரியாது. கீபாஸ்ல குரூப்ங்கிறது வெறும் இடம். அதுல ஆளே கிடையாது. அதுல இருந்து யாரையும் ரிமூவ் பண்ணவும் முடியாது.

அப்போ எப்படிப் பிரிக்கிறது

என் கருத்து இதுதான். ஆளுங்களைப் பிரிக்கணும்னா ஃபைலைப் பிரிங்க. வேலையைப் பிரிக்கணும்னா குரூப்பைப் பிரிங்க. ரெண்டையும் கலக்காதீங்க.

ஒரு கிளப்புக்கு மூணு ஃபைல் போதும். முதல் ஃபைல் ஸ்டாஃப் அட்வைசர், பிரசிடென்ட், ட்ரெஷரர் மூணு பேருக்கு மட்டும். ரெண்டாவது கோர் டீமுக்கு. மூணாவது அந்த வருஷ சிம்போசியத்துக்கு மட்டும், வாலன்டியர்ஸுக்கும் கொடுக்கலாம், ஈவென்ட் முடிஞ்சதும் அதுல இருக்கிற பாஸ்வேர்ட் எல்லாத்தையும் மாத்திட்டு ஃபைலைத் தூக்கிப் போட்டுடலாம். மூணுக்கும் வேற வேற மாஸ்டர் பாஸ்வேர்ட்.

எது எந்த ஃபைல்ல? பணம்னா முதல் ஃபைல், இது எல்லாருக்கும் தோணும். தோணாத ஒண்ணு கிளப்போட ஜிமெயில். "ஜிமெயில் தானே, கோர் டீம்ல போடு"ன்னு சொல்வாங்க. கொஞ்சம் யோசிங்க. இன்ஸ்டாகிராம்ல "ஃபர்காட் பாஸ்வேர்ட்" அழுத்தினா மெயில் எங்க போகுது? டொமைன் அக்கவுண்டுக்கு? ஹோஸ்டிங்குக்கு? எல்லாம் அந்த ஒரே ஜிமெயிலுக்கு. அதை வெச்சிருக்கிறவங்க மத்த ஏழையும் அஞ்சு நிமிஷத்துல வாங்கிடலாம். அதனால ஜிமெயில் முதல் ஃபைல்ல. டொமைன் ரெஜிஸ்ட்ரார் லாகினும் அங்கேயே. கூடவே அந்த ஜிமெயிலோட ரெகவரி போன் நம்பர் யாரோடதுன்னும் பாருங்க. நாலு வருஷம் முன்னாடி பாஸ் அவுட் ஆகி பெங்களூர்ல வேலை பார்க்கிற ஒரு அண்ணாவோட நம்பரா இருந்தா, அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி, அது இன்னும் அவர் அக்கவுண்ட்தான்.

இப்போ ஃபைலுக்குள்ள குரூப். விண்டோஸ் கீபாஸ்ல புது டேட்டாபேஸ் உருவாக்கினா ஜெனரல், விண்டோஸ், நெட்வொர்க், இன்டர்நெட், இமெயில், ஹோம்பேங்கிங்னு அதுவே சில குரூப் போட்டுக் கொடுக்கும். அது வீட்டுல தனி ஆளுக்காக யோசிச்சது. தனி ஆள் வேலையை விட்டுப் போகப் போறதில்லை. கிளப் அப்படி இல்லை, வருஷா வருஷம் ஆள் மாறுது. அதனால தளத்தோட வகைப்படி பிரிக்காம பொறுப்புப்படி பிரிங்க: மீடியா லீட், வெப் லீட், டிசைன் லீட். மீடியா லீட் நடு வருஷத்துல இன்டர்ன்ஷிப்புக்குப் போயிட்டாங்கன்னு வைங்க. எந்த பாஸ்வேர்ட் எல்லாம் மாத்தணும்னு தேட வேண்டாம். அந்தக் குரூப்பைத் திறந்தா அதுதான் லிஸ்ட்.

"வகை வேணுமே, சோஷியல் மீடியா எல்லாம் ஒண்ணா பார்க்கணுமே"ன்னா அதுக்கு டேக் இருக்கு. ஒரு என்ட்ரி ஒரு குரூப்லதான் இருக்க முடியும். ட்ரீல ஒரு நோடுக்கு ஒரே பேரன்ட் தானே. ஆனா ஒரு என்ட்ரிக்கு எத்தனை டேக் வேணும்னாலும் போடலாம். அதனால ஒண்ணே ஒண்ணா இருக்க வேண்டிய விஷயத்தை, அதாவது யார் பொறுப்புங்கிறதை, குரூப் ஆக்குங்க. பலதா இருக்கக்கூடிய விஷயத்தை டேக் ஆக்குங்க. "ரெண்டு பேர் பொறுப்பு"ன்னு யாராவது சொன்னா, யாருமே பொறுப்பு இல்லைன்னு அர்த்தம். அந்த ஒரு வாக்குவாதம் வர்றதுக்காகவே இப்படிப் பிரிக்கலாம்.

ஸ்கிரிப்ட் எழுதுறவங்களுக்கு

ஏற்கெனவே ஒரே ஃபைல்ல அறுபது என்ட்ரியைக் கொட்டி வெச்சிருக்கீங்கன்னா கையால பிரிக்கிறது கடி. இங்கதான் லைப்ரரி கை கொடுக்கும். பைகீபாஸ்ல "கிரியேட் டேட்டாபேஸ்" கூப்பிட்டா புது ஃபைல் ரெடி. "ஆட் குரூப்"புக்கு பேரன்ட் குரூப்பையும் பேரையும் கொடுங்க. "ஃபைண்ட் என்ட்ரீஸ்" வெச்சுப் பழைய ஃபைல்ல தேடுங்க, "ஆட் என்ட்ரி" வெச்சுப் புதுசுல சேருங்க. கடைசியில "சேவ்". சேவ் கூப்பிடாத வரைக்கும் நீங்க பண்ணினது எதுவும் ஃபைல்ல ஏறாது. இதைப் பயன்படுத்திக்கோங்க. முதல்ல சேவ் இல்லாம ஓட்டி, எது எங்க போகுதுன்னு பிரின்ட் பண்ணிப் பாருங்க.

கவனிக்க வேண்டியது சில.

ஃபைண்ட் ஃபங்ஷன்கள் சாதாரணமா லிஸ்ட் கொடுக்கும். "ஃபர்ஸ்ட்" ட்ரூன்னு சொன்னா ஒண்ணே ஒண்ணு கொடுக்கும், கிடைக்கலைன்னா நன் கொடுக்கும். நன்னான்னு செக் பண்ணாம அடுத்த லைன்ல பாஸ்வேர்ட் கேட்டா ஸ்கிரிப்ட் பாதியில நிக்கும்.

ஒரே குரூப்புக்குள்ள அதே டைட்டில், அதே யூசர்நேம்ல இன்னொரு என்ட்ரி சேர்த்தா லைப்ரரி எக்செப்ஷன் கொடுக்கும். கட்டாயப்படுத்தினாதான் சேர்க்கும். கட்டாயப்படுத்தாதீங்க, அது உங்க நல்லதுக்குத்தான். குரூப் விஷயத்துல ஒரே பேர்ல ரெண்டு இருக்கிறதை ஃபைல் வடிவம் தடுக்காது, ஏன்னா அதுக்கு அடையாளம் யூயுஐடி தான், பேர் இல்லை. அதனால குரூப் சேர்க்கிறதுக்கு முன்னாடி அதே பேர்ல இருக்கான்னு தேடிட்டு சேருங்க. இல்லன்னா ஸ்கிரிப்டை ரெண்டு தடவை ஓட்டினா ரெண்டு "மீடியா லீட்" வந்து நிக்கும்.

"ஆட் என்ட்ரி"ல டைட்டில், யூசர்நேம், பாஸ்வேர்ட் மட்டும் கொடுத்தா அது மட்டும்தான் போகும். கஸ்டம் ஃபீல்டு, அட்டாச்மென்ட், ஓடிபி சீடு எல்லாம் தனியா எடுத்து வைக்கணும். பேக்கப் கோடுகளை அட்டாச்மென்ட்டா போட்டு வெச்சிருக்கிற கிளப் உண்டு, பார்த்துக்கோங்க.

மாஸ்டர் பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள்ள எழுதாதீங்க. கெட்பாஸ் மாடியூல் பைத்தான் கூடவே வருது, ஓடும்போது கேட்டு வாங்கிக்கும். ஸ்கிரிப்டை கிட்ஹப்ல போடப் போறது நீங்கதான்.

ஸ்கிரிப்ட் ஓடுற நேரத்துல வேற யாரும் அந்த ஃபைலைத் திறந்து வெச்சிருக்கக் கூடாது. கீபாஸ்எக்ஸ்சி மாதிரி ஆப்ல மெர்ஜ் வசதி இருக்கு, யூயுஐடியையும் நேரத்தையும் பார்த்து ரெண்டு காப்பியைச் சேர்க்கும். நீங்க எழுதின இருபது லைன் ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. கடைசியா யார் சேவ் பண்ணினாங்களோ அவங்க ஃபைல்தான் மிஞ்சும்.

அழிச்சது அழிஞ்சுதா

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், கொஞ்சம் நிதானமா படிங்க.

ஆப்ல ஒரு என்ட்ரியை டெலீட் பண்ணினா அது எங்க போகுது? ரீசைக்கிள் பின்னுக்கு. ரீசைக்கிள் பின் என்ன? அதுவும் ஒரு குரூப்தான். வேற எந்த மாயமும் இல்லை. "எந்த யூயுஐடி உள்ள குரூப் பின்"னு ஃபைலோட மெட்டா பகுதியில ஒரு வரி குறிச்சு வெச்சிருக்கும், அவ்வளவுதான். லைப்ரரியிலயும் "ட்ராஷ் என்ட்ரி"ன்னா பின்னுக்கு நகர்த்துறது, "டெலீட் என்ட்ரி"ன்னா நிஜமா நீக்குறது. ரெண்டுக்கும் பேர் கிட்டத்தட்ட ஒண்ணா தோணும், வித்தியாசம் மலையளவு. அதனால "என்ட்ரீஸ்" பிரின்ட் பண்ணினா போன வருஷம் அழிச்சதா நினைச்ச பேமென்ட் கேட்வே பாஸ்வேர்டும் அந்த லிஸ்ட்ல வந்து நிக்கும்.

அடுத்தது ஹிஸ்டரி. ஆப்ல ஒரு பாஸ்வேர்டை மாத்தினா பழசு என்ட்ரிக்குள்ளயே ஹிஸ்டரியா இருக்கும். கீபாஸ்ல சாதாரணமா 10 பழைய வெர்ஷன் வரைக்கும் வெச்சிருக்கும். தப்பா மாத்திட்டா திரும்ப எடுக்க வசதி, நல்லதுதான். ஆனா என்ட்ரியை ஒரு குரூப்ல இருந்து இன்னொண்ணுக்கு நகர்த்தினா ஹிஸ்டரியும் கூடவே போகும். "பழைய பாஸ்வேர்ட் தானே, வேலை செய்யாது, தெரிஞ்சா என்ன"ன்னு தோணலாம். நம்ம கிளப்கள் பாஸ்வேர்ட் வைக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். கிளப் பேர், அட்-ங்கிற குறி, வருஷம். ஹிஸ்டரியில மூணு வருஷம் வரிசையா பார்த்தவங்களுக்கு நாலாவது வருஷத்தைக் கணிக்க டேட்டா சயின்ஸ் எலெக்டிவ் எடுத்திருக்க வேண்டியதில்லை.

லைப்ரரியில இது தலைகீழ். ஸ்கிரிப்ட்ல பாஸ்வேர்டை நேரா மாத்தினா பழசு தானா ஹிஸ்டரிக்குப் போகாது. மாத்துறதுக்கு முன்னாடி "சேவ் ஹிஸ்டரி"ன்னு நீங்களே கூப்பிடணும். கூப்பிடாம லூப்ல ஓட்டினா பழைய பாஸ்வேர்டுக்குத் திரும்பிப் போக வழியே இருக்காது. அதனால ஃபைலை முதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு ஸ்கிரிப்டைத் தொடுங்க.

இதை எல்லாம் சரியா பண்ணிட்டீங்கன்னு வைங்க. பின்னைக் காலி பண்ணிட்டீங்க, ஹிஸ்டரியை நீக்கிட்டீங்க, மாஸ்டர் பாஸ்வேர்டையும் மாத்திட்டீங்க. இப்போ பழைய டீம் வெளிய போயாச்சா?

இல்லை. அவங்க லேப்டாப்ல போன மாசக் காப்பி இருக்கு. அந்தக் காப்பிக்கு அந்த மாச மாஸ்டர் பாஸ்வேர்டே போதும், என்னைக்கும் திறக்கும். நீங்க மாத்தினது உங்க காப்பியோட பூட்டை. அவங்க கையில இருக்கிற காப்பியை உங்க பூட்டு ஒண்ணும் பண்ணாது. இது கீபாஸோட குறை இல்லை. பார்த்த ரகசியத்தைப் பார்க்காததா ஆக்க எந்த சாஃப்ட்வேராலயும் முடியாது.

அதனால ஹேண்ட்ஓவர்னா ஃபைலைக் கொடுக்கிறது இல்லை. ஃபைல்ல இருக்கிற ஒவ்வொரு தளத்துக்கும் போய் பாஸ்வேர்டை மாத்துறது, லாகின் ஆகியிருக்கிற பழைய போன்களை லாக் அவுட் பண்றது, ரெகவரி நம்பரை மாத்துறது. இதை யாரும் செய்யறதில்லை, ஏன்னா போரான வேலை, போட்டோவும் வராது. இதைச் செஞ்சோமான்னு சரிபார்க்க லைப்ரரி உதவும். போன வருஷக் காப்பியையும் இந்த வருஷ ஃபைலையும் ஒரே ஸ்கிரிப்ட்ல திறங்க. இது அதே ஃபைலைத் தொடர்ந்து பயன்படுத்தினா மட்டும் வேலை செய்யும், புதுசா உருவாக்கின என்ட்ரிக்கு ஐடியும் புதுசு. யூயுஐடி வெச்சு ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஜோடி சேருங்க. ரெண்டுலயும் பாஸ்வேர்ட் ஒண்ணா இருந்தா, குரூப் பேரோட அந்த டைட்டிலைப் பிரின்ட் பண்ணுங்க. பாஸ்வேர்டைப் பிரின்ட் பண்ண வேண்டாம். குரூப்பைப் பொறுப்புப்படி பிரிச்சிருந்தீங்கன்னா யார் இன்னும் மாத்தலைங்கிறது அந்த அவுட்புட்லயே தெரியும். லிஸ்ட் காலியாகுற அன்னைக்குத்தான் ஹேண்ட்ஓவர் முடிஞ்சதுன்னு அர்த்தம்.

"ஒரு கிளப்புக்கு இவ்வளவா?"

இதை எங்க டீம்லயே கேட்டாங்க, நியாயமான கேள்வி. இன்ஸ்டாகிராம் போனா புதுசு ஆரம்பிச்சுக்கலாம். ஆனா அந்த ஜிமெயிலோட டிரைவ்ல என்ன இருக்குன்னு பாருங்க. மூணு வருஷ சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷன். பல காலேஜ் பசங்க, பொண்ணுங்களோட பேர், போன் நம்பர், மெயில் ஐடி, ஐடி கார்டு போட்டோ, பேமென்ட் ஸ்கிரீன்ஷாட். அவங்க யாரும் நம்ம சீனியரோட சீனியருக்கு நம்பர் கொடுக்கல. ஒரு பேப்பர் பிரசன்டேஷனுக்குப் பேர் கொடுத்தாங்க. முன்பின் தெரியாத நம்பர்ல இருந்து ஒரு பொண்ணுக்கு ராத்திரி மெசேஜ் வந்தா, நம்பர் எங்க இருந்து கசிஞ்சதுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா சாவி இருபது பேர்கிட்ட இருக்கு. தனிநபர் டேட்டாவைப் பாதுகாக்க நாட்டுல 2023ல தனிச் சட்டமே வந்தாச்சு. சட்டத்தை விடுங்க, நம்மளை நம்பிக் கொடுத்தாங்க, அது போதாதா?

"மெக்கானிக்கல், சிவில்காரங்க எப்படி பைத்தான் எழுதுவாங்க?" எழுத வேண்டியதில்லை. தினசரி வேலைக்கு ஆப் போதும். ஸ்கிரிப்ட் வருஷத்துக்கு ஒரு தடவை. சிஎஸ், ஐடி பக்கம் ஒரு ஃப்ரெண்ட் இருப்பாங்க, ஒரு டீ வாங்கிக் கொடுங்க. ஆனா ஸ்கிரிப்ட் ஓடும்போது உங்க லேப்டாப்ல, உங்க கண் முன்னாடி ஓடட்டும். ஃபைலை அவங்களுக்கு அனுப்பாதீங்க.

"மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்துட்டா?" மீட்க வழி இல்லை. "ஃபர்காட் பாஸ்வேர்ட்" பட்டன் இல்லாததுதான் இதோட பலமே. ஒரு பேப்பர்ல எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, ஸ்டாஃப் அட்வைசரோட பீரோவுல வைங்க. கேக்கச் சிரிப்பா இருக்கும், ஆனா பீரோவை யாரும் இன்டர்நெட் வழியா ஹேக் பண்ண முடியாது.

"கீபாஸ்லயே ஓட்டை வந்ததே?" வந்தது. 2023ல கீபாஸ் 2 வரிசையில ஒரு கோளாறு தெரிஞ்சது. கம்ப்யூட்டரோட மெமரியைக் காப்பி எடுக்க முடிஞ்சவங்களால, டைப் பண்ணின மாஸ்டர் பாஸ்வேர்டை முதல் எழுத்து தவிர மீட்க முடிஞ்சது. 2.54 வெர்ஷன்ல சரி பண்ணிட்டாங்க. இதுல நமக்குப் பாடம் ரெண்டு: ஆப்பை அப்டேட் பண்ணுங்க, லேப் கம்ப்யூட்டர்ல கிளப் ஃபைலைத் திறக்காதீங்க.

இன்னும் கொஞ்ச நாள்ல நாங்க கிளம்பிடுவோம். ஜூனியர்ஸ்கிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். எங்களை நம்புங்க, ஆனா எங்க பாஸ்வேர்டை அப்படியே வெச்சிருக்காதீங்க. "அண்ணா, அக்கா தப்பா நினைப்பாங்களோ"ன்னு தயங்க வேண்டாம். எங்க போன் எப்போ தொலையும், எங்க பழைய லேப்டாப் எந்தக் கடைக்கு எக்ஸ்சேஞ்ச் ஆகும்னு எங்களுக்கே தெரியாது. சாவி எங்ககிட்ட இல்லாம இருக்கிறது எங்களுக்கும் நிம்மதி.

ஃபைனல் இயர் மக்களுக்கும் ஒண்ணு. ஜூனியர் வந்து கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க. ரெகவரி நம்பரை நீங்களே மாத்திக் கொடுங்க, அவங்க பக்கத்துல உட்கார்ந்து எட்டு லாகினையும் மாத்தி முடியுங்க. ஒரு சாயங்காலம் ஆகும். கேக் வெட்டுறதை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்.